அன்றாட ஓட்டத்துக்கு 250 சிசி ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் நான், பாவித்த கவாசாகி நிஞ்ஜா 250ஆர் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கின்றேன். அதன் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுகளில்தான் உச்ச வலுவைத் தருகின்றது. ஒற்றைச் சிலிண்டர் கொண்ட ஹோண்டா சிபிஆர் 250ஆர் 8,500 சுற்றுகளிலேயே தன் உச்சத்தை எட்டிவிடுகின்றது.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் திறந்த வீதியில் வலு போதாது என்று நான் அஞ்சவில்லை. காத்தான்குடியில், நடுவே பேரீச்ச மரங்கள் நிற்கும் பிரதான வீதியில், முச்சக்கரவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மனைவியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு (அந்தப் பின்னிருக்கை என்னவோ கைக்குட்டை அளவுதான்) கிளச்சை விடும்போது, குறைந்த சுற்றில் போதிய இழுவை கிடைக்குமா என்பதே என் ஐயம்.

இவற்றை இப்பகுதியில் அன்றாடம் ஓட்டுபவர்கள், நெரிசலில் எந்தக் கியரில் செல்ல நேர்கின்றது, மதிய வெயிலில் எஞ்சின் எவ்வளவு சூடாகின்றது என்பவற்றை அறியத்தந்தால் பேருதவியாக இருக்கும்.