ரெண்டு மாசத்தில் லைப்சிக் போகிறேன், ஜெர்மன் காதில் ஏறவே மாட்டேங்குது

கேள்வி: காளிகோயில் தெருப் பெண், இரங்கூன்

எல்லாருக்கும் வணக்கம். இரங்கூனில் காளி கோயில் பக்கம்தான் எங்கள் வீடு. வயது 20. இங்கே இரண்டு வருஷம் காலேஜ் படித்துவிட்டு, கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து ஆன்லைனில் ஜெர்மன் படித்தேன். பி1 என்கிற இடைநிலைத் தேர்வில் நாலு பகுதியிலும் தேறிவிட்டேன். ஆனால் கேட்டல் பகுதியில் நூற்றுக்கு 63 தான். 60 எடுத்தால்தான் பாஸ் என்பதால் மயிரிழையில் தப்பித்தேன்.

அடுத்து லைப்சிக்கில் ஸ்டூடியன்கோலெக், அதாவது வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்கிற கல்லூரி. அதில் இன்ஜினியரிங் படிக்கப்போகிறவர்களுக்கான டி-கோர்ஸ். போனதும் முதலில் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். விசா, அதற்காக வங்கியில் முடக்கிவைக்கிற பணம் எல்லாம் முடிந்தது, அதைப் பற்றி எதுவும் கேட்கப்போவதில்லை.

என் பயம் வேறு. யூடியூபில் லைப்சிக் ஆட்கள் பேசுவதைக் கேட்டால் நான் படித்த மொழியா இது என்று இருக்கிறது. இன்னொரு பக்கம் அம்மா நெய், நப்பி (மீன் விழுது), லப்பெ (ஊறவைத்த தேயிலை) என்று பெட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கிறார். முதல் மூன்று மாதத்தை எப்படி ஓட்டினீர்கள்?

பதில்: தட்டோன்காரன், இப்போது ஹாலேயில்

தங்கச்சி, விசா வந்தாச்சு என்றால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதிப் பாதியில்தான் தண்ணீர் இருக்கிறது.

நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தேன். முதல் நாளே வாங்கிய அடியைச் சொல்கிறேன். அறைச் சாவி வாங்க எப்போது வரட்டும் என்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போனில் கேட்டேன். "ஹால்ப் ஆஹ்ட்" என்றார். ஹால்ப் என்றால் அரை, ஆஹ்ட் என்றால் எட்டு. எட்டரை என்று எடுத்துக்கொண்டு, நல்ல பேர் வாங்க 8.20க்கே பெட்டியோடு போய் நின்றேன். ஒரு ஈ காக்கா இல்லை. இந்த ஊரில் அரை எட்டு என்றால் எட்டாவது மணியில் பாதி, அதாவது ஏழரை. மனுஷன் வந்து, காத்திருந்து, போயே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி ஒரு மாண்டலேப் பையன் அறையில் தரையில் படுத்தேன். "ஏழரை என்றாலே நமக்குச் சனிதானேடா" என்றார் அம்மா.

ரெண்டாவது, நம் பர்மாப் பழக்கம். புரிந்தாலும் புரியாவிட்டாலும் பெரியவர்கள் பேசினால் "ஹொக்கே, ஹொக்கே" என்று தலையாட்டுவோமே, அதையே இங்கே "யா, யா" என்று செய்தேன். யாவை இப்படி ரெட்டையாகச் சொன்னால் "சரி சரி, விடு" என்று அலட்சியம் செய்கிற மாதிரி இவர்களுக்குக் கேட்கும். எனக்கு அதைச் சொல்லித்தரவே ஆறு மாசம் ஆள் வரவில்லை. புரியவில்லையா, புரியவில்லை என்று சொல்லிவிடு. யாரும் கோபித்துக்கொள்வதில்லை, என்ன, அதே வேகத்தில் திரும்பச் சொல்வார்கள்.

லைப்சிக் பேச்சைக் கண்டு பயப்படாதே. அது சாக்சனி வழக்கு. வல்லினத்தை மெலித்துவிடுவார்கள். பெட்டி கட்டுவதற்கு 'பாக்கன்', ரொட்டி சுடுவதற்கும் 'பாக்கன்'. புத்தகத்தில் ஒன்று P, இன்னொன்று B. சாக்சனி வாயில் ரெண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு பல்லையும் அம்பையும் எழுதுகிற நமக்கா இது கஷ்டம்? வயசானவர்கள் ஆமாம் என்பதற்கு "நூ" என்பார்கள், இல்லை என்று நினைத்துவிடாதே.

உண்மையான தொல்லை நம் வாயில் இருக்கிறது. சொல் மெய்யில் முடிந்தால் தமிழ் நாக்கு ஒரு உகரத்தை ஒட்டும், பர்மிய நாக்கு கடைசி எழுத்தை விழுங்கும். இரவுக்கு 'நாஹ்ட்' என்று சொல்ல வேண்டும். நான் வீட்டோடு பேசிவிட்டு வந்த நாளில் 'நாஹ்ட்டு' என்பேன், மாண்டலேப் பையனோடு இருந்த நாளில் வெறும் 'நா'. வாத்தியார் பாவம்.

இன்னொன்று. 'வைல்' (ஏனென்றால்) போட்டால் வினைச்சொல் கடைசிக்குப் போகும் என்று ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தந்தார்கள், ஒரு வாரம் மண்டை காய்ந்தது. அப்புறம்தான் உறைத்தது, நாம் பிறந்ததிலிருந்து அப்படித்தானே பேசுகிறோம்! அந்த இடத்தில் மட்டும் தமிழில் யோசி. தமிழ் ஆட்களோடு தங்காதே, மொழி வராது.

பதில்: மோல்மேன் அக்கா

தம்பி கடைசியில் சொன்னதைக் கேட்காதேம்மா. முதல் மாசம் ராத்திரியில் தமிழில் அழ ஒரு ஆள் வேண்டும். நான் மூணு ஜெர்மன் பெண்களோடு தங்கி, பேசவே மறந்து ஊமையாகக் கிடந்தேன். மொழி வந்தது அடுத்த வருஷம், தமிழ்ப் பிள்ளை ஒருத்தியோடு சேர்ந்து சமைத்த வீட்டில்.

முக்கியமான விஷயம், தபால்பெட்டி. அதில் உன் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். பாஸ்போர்ட்டில் எனக்குப் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். ஆசையாகத் தமிழ்ப் பெயரை ஒட்டினேன். பேங்க் கார்டு வரவே இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் ஒட்டு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் கட்டாயம். அப்புறம் ரேடியோ டிவிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதே. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, கூட இருக்கிறவர்கள் கட்டினால் நீ கட்ட வேண்டாம், அதை எழுதிப் பதில் போட்டால் போதும்.

பெட்டியில் நெய் வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள் எதுவும் கொண்டுவர முடியாது. மீன் 20 கிலோ வரைக்கும் விடுவார்கள், அதனால் நப்பி வரும்!

பதில்: பெகு வாத்தியார்

நுழைவுத்தேர்வில் பெரும்பாலும் சி-டெஸ்ட் இருக்கும். ஒரு பத்தியில் ஒன்றுவிட்டு ஒரு சொல்லின் பின்பாதியை வெட்டிவிட்டு நிரப்பச் சொல்வார்கள். பொருள் தெரிந்தாலும் விகுதி தெரியாமல் மாட்டிக்கொள்வீர்கள். தினம் ஒரு செய்தியை எடுத்து, நீங்களே வெட்டி வைத்து, மறுநாள் நிரப்பிப் பாருங்கள்.

காளிகோயில் தெருப் பெண்

ரொம்ப நன்றி. நெய்யை எடுத்துவிட்டோம், அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. ஏழரையைக் கேட்டு அப்பா சிரித்துக்கொண்டே இருக்கிறார். அண்ணே, நப்பியைப் பொது ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

தட்டோன்காரன்

கண்ணாடி ஜாடி, அதைச் சுற்றி ரெண்டு பிளாஸ்டிக் பை, அதையும் ஒரு டப்பாவில் போட்டு மூடு. நான் பையோடு நிறுத்தினேன். மறுநாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு, ஏதோ செத்துக் கிடக்கிறது என்று. அகராதி இல்லாமல் நான் முழுசாகப் படித்த முதல் ஜெர்மன் வாக்கியம் அதுதான்.