மறு: கலைச்சொல் – மீன் மூக்கின் 'ரோசெட்'

> 'முகர் ரோசா' என்றே வைத்துக்கொள்ளலாமே? வடிவம் கண்முன் நிற்கும்.

ஐயா, வணக்கம்.

மீன் மூக்கினுள் மணத்தை உணரும் மடிப்புகளின் தொகுதியை ஆங்கிலத்தில் 'ரோசெட்', அதாவது ரோசா வடிவம், என்கிறார்கள். ஆனால் எல்லா மீனுக்கும் அந்த வடிவம் இல்லையே. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் சந்தையில் 'கெலி' என்று விற்கும் கெளுத்தியைப் பாருங்கள். மேலுதட்டை ஒட்டிக் குழாய்போல ஒரு துளை, சற்றுப் பின்னால் மீசையின் அடியில் இன்னொன்று. முன்துளையில் நுழையும் நீர் பின்துளை வழியே வெளியேறிவிடும், தொண்டைக்குப் போகாது. மூச்சுக்கும் இந்த மூக்குக்கும் தொடர்பே இல்லை. இரண்டு துளைகளுக்கும் இடையே தோலைக் கீறினால் நீள்வட்டமாக ஓர் உறுப்பு தெரியும்: நடுவில் வரப்பு, இருபுறமும் செம்பனை ஓலைபோல நெருங்கிய மெல்லிய மடிப்புகள். விலாங்கில் இது இன்னும் நீளம். ரோசா என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெலியின் தலைக்குள் ரோசாவைத் தேடுவார்கள்!

என் பரிந்துரை: ஒரு மடிப்பு 'முகர்மடல்', மொத்தமும் 'முகர்மடற்கொத்து'. கொத்து வட்டமாகவும் இருக்கலாம், நீளமாகவும் இருக்கலாம்.

'மோப்ப' என்று தொடங்கினால் போலீஸ் நாய்தான் நினைவுக்கு வருகிறது. 'நுகர்' என்றால் தமிழக நண்பர்களுக்கு நுகர்வோர் நீதிமன்றம். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, இங்கே அவர் பயனீட்டாளர். இருந்தாலும் 'முகர்' எல்லாருக்கும் பொது.

அப்புறம், மடலில் உள்ள உயிரணுக்கள். முகரும் நரம்பணுக்களில் ஒல்லியாக நீண்டு, நுனியில் பிசிர்கள் உள்ளவை ஒரு வகை. குட்டையாக, நுண்விரல்கள் (விரல்போன்ற மிக நுண்ணிய நீட்சிகள்) உள்ளவை இன்னொரு வகை. இவற்றுக்கு இடையே தாங்கும் உயிரணுக்கள். அடியில், தேய்ந்துபோன நரம்பணுக்களுக்குப் பதில் புதியவற்றை உருவாக்குபவை. இவை போக, மீன்களுக்கே உரிய ஒன்று உண்டு. முட்டை வடிவம், மேற்பரப்பை ஒட்டிய இருப்பு, பிசிரும் நுண்விரலும் இரண்டுமே உண்டு. தலைப்பகுதி உள்வாங்கிய குழிக்குள் பிசிர்கள் அமிழ்ந்திருக்கும். இதற்கு 'மறையணு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் மறைந்திருப்பது எதுவும் இல்லை. 'குழியணு' போதும்.

---

> 'குழியணு' போதும்.

வணக்கம். அணு என்றால் இயற்பியல்காரர் சண்டைக்கு வருவார். 'குழியுயிரணு' என்று விரித்தால் வாயில் நிற்காது. நாங்கள் இலங்கையில் பள்ளி நாள் தொட்டுக் கலம் என்றுதான் படித்தோம். குழிக்கலம், தாங்குகலம், அடிக்கலம். சொல்லிப் பாருங்கோ.

---

நல்லாத்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் மலாயில் 'செல்' என்றே படிக்கிறார்கள். உயிரணுவா கலமா என்ற வழக்கு அவர்களைத் தொடுவதில்லை.

ஒன்று பாக்கி. கெலியில் முகர்குமிழ் (மணச் செய்தியை முதலில் வாங்கும் மூளைப்பகுதி) மடற்கொத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து மூளையின் மற்றப் பகுதிக்கு நீண்ட இழை போகிறது. வேறு பல மீன்களில் குமிழ் மூளையோடு ஒட்டியிருக்கும், நீளமாக இருப்பது மடற்கொத்துக்கும் குமிழுக்கும் இடையிலான இழை. இரண்டையும் 'முகர்நரம்பு' என்று எழுதுவது தவறு. குமிழுக்கு முன்னால் இருப்பதற்கு மட்டும் முகர்நரம்பு, பின்னால் இருப்பதற்கு 'முகர்தடம்' என்று பிரிக்கலாமா?