டைகர் மாத் மாடலின் மூக்கில் 850 கிராம் ஈயமா? எங்கே தவறினேன்?

கேள்வி:
எட்டு மாதமாகப் பால்சாவையும் ஒட்டுப்பலகையையும் இழைத்து, டைகர் மாத் இரட்டை இறக்கை விமானத்தை ஆறில் ஒரு பங்கு அளவில் கட்டி முடித்திருக்கிறேன். இறக்கையின் முழு நீளம் 149 செ.மீ., அகலம் 22 செ.மீ. பேட்டரி, மோட்டார், சர்வோ (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்) எல்லாம் சேர்த்து எடை 2,300 கிராம். முன் இருக்கைக்கு அடியில் பேட்டரி இருக்கிறது.

ஈர்ப்பு மையம் (விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி) இறக்கை அகலத்தில் 28 சதவீதத்தில் இருக்க வேண்டும் என்று படித்தேன். அதனால் மேல் இறக்கையின் நடுப்பகுதி முன்விளிம்பிலிருந்து 62 மி.மீ. பின்னால் குறி வைத்துத் தூக்கினேன். வால் தொபுக்கென்று விழுகிறது. மூக்கில் ஈயம் சேர்த்துக்கொண்டே போய் 850 கிராமில்தான் சமநிலை வந்தது. தூண்டில் கடைக்காரர் என்னை மீனவர் என்றே நினைத்துவிட்டார். இது இயல்புதானா?

பதில்:
இயல்புதான். பழைய விமானங்களுக்கு மூக்கு குட்டை. ஈயத்தை வைத்துவிட்டு ஏற்றுங்கள்.

பதில்:
மேலே சொன்னதைக் கேட்காதீர்கள் தம்பி. மூக்கு குட்டை என்பது உண்மை. ஆனால் 850 கிராம் என்றால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். குறை விமானத்தில் இல்லை, நீங்கள் வைத்த குறியில் இருக்கிறது.

டைகர் மாத்தின் இறக்கைகள் ஏன் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன தெரியுமா? அசல் விமானத்துக்கு முந்தைய வகையில் முன் இருக்கைக்கு நேர் மேலே மேல் இறக்கையின் நடுப்பகுதியும் பெட்ரோல் தொட்டியும் இருந்தன. பாராசூட்டோடு பயிற்சியாளர் வெளியேற அது தடை. எனவே அதைத் தயாரித்த டி ஹாவிலண்ட் நிறுவனத்தார் நடுப்பகுதியை முன்னுக்குத் தள்ளினார்கள். தூக்குவிசையும் முன்னே போய்விட்டதால், அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். 1931 அக்டோபரில் அப்படித்தான் டி.எச்.82, அதாவது டைகர் மாத், பறந்தது. ஆக, அந்த நடுப்பகுதி முன்விளிம்பை வைத்து அளப்பது, வேண்டுமென்றே முன்னே தள்ளிய இடத்தை வைத்து அளப்பது. சாய்வையும், பின்தள்ளி நிற்கும் கீழ் இறக்கையையும் கணக்கில் எடுக்கவே இல்லை. இரண்டு அளவுகளையும் எழுதுங்கள்.

கேட்டவர்:
மேல் இறக்கையின் நுனி 60 மி.மீ. பின்னால் இருக்கிறது அண்ணா. கீழ் இறக்கையின் அடிப்பகுதி, மேல் இறக்கையின் அடிப்பகுதிக்கு 80 மி.மீ. பின்னால் தொடங்குகிறது, அதன் நுனி இன்னும் 40 மி.மீ. பின்னால்.

பதில்:
சரி. ஒவ்வொரு இறக்கையிலும் பாதி தூரத்தில் முன்விளிம்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். மேலே 30. கீழே 80 உடன் 20, அதாவது 100. சராசரி 65. அதோடு உங்கள் 62-ஐக் கூட்டினால் 127 மி.மீ. நீங்கள் பாதியில் நின்றுவிட்டீர்கள்! கீழ் இறக்கை, மேல் இறக்கையின் காற்றோட்டத்தில் கொஞ்சம் திறன் இழக்கும். அதனால் முதல் பறப்புக்கு 115 வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயத்தை எல்லாம் கழற்றுங்கள். அசல் விமானத்தின் ஜிப்சி மேஜர் எஞ்சின் தலைகீழாகத் தொங்குவதால் மூக்குக் கூடு ஆழமானது. சிறிய மின்மோட்டாருக்கு அடியில் காலி இடம் கிடக்கும். பேட்டரியை அங்கே தள்ளுங்கள். மேல் இறக்கையின் நடுப்பகுதியைத் தாங்கும் தூண்களில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் கைநடுக்கம் குழப்பாது.

இன்னொருவர்:
எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்) கீழ் இறக்கையில் மட்டும்தானே? மேலே போவது அதிகமாகவும் கீழே இறங்குவது குறைவாகவும் அமையுங்கள். இல்லையென்றால் இடப்பக்கம் திருப்பினால் மூக்கு வலப்பக்கம் முறைக்கும்.

கேட்டவர்:
400 கிராம் பேட்டரி 90 மி.மீ. முன்னே போனது. ஈயமே இல்லாமல் 124 வந்தது! 115-க்கு இன்னும் 80 கிராம்தான் தேவைப்பட்டது. ஞாயிறு காலை காற்று எழும் முன் ஏற்றினேன். நான்கு சுற்று, கொஞ்சம் மூக்கு கனம், மற்றபடி அமைதி. இறங்கி ஓடும்போது மட்டும் புல்லில் குப்புற விழுந்து சுழலி உடைந்துவிட்டது.

பதில்:
சக்கரம் தரையைத் தொட்டதும் எலிவேட்டரை (வாலைத் தாழ்த்திப் பிடிக்கும் மடல்) விட்டுவிட்டீர்களா?

கேட்டவர்:
ஆமாம், கைதட்டப் போய்விட்டேன்.