சிறு நகரத்தில் கடை நடத்துபவர் ஒன்-கோல் தீயணைப்பு வீரராகச் சேரலாமா?

கேள்வி: சந்தைத்தெருக் கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு சிறிய சந்தை நகரத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்தி வருகிறேன். எனக்கு 38 வயது. கடைக்கு மேலேயே குடியிருக்கிறோம். மனைவி வாரத்தில் மூன்று நாள் வெளியே வேலைக்குப் போகிறார்; பிள்ளைகளுக்குப் பன்னிரண்டும் எட்டும் வயது.

எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையம் அடுத்த தெருவின் முடிவில் இருக்கிறது. ஒரேயொரு வண்டி நிற்கும் கட்டடம் அது. பெரும்பாலான நேரம் பூட்டியே கிடக்கும். அங்கே முழுநேர ஊழியர் ஒருவர்கூட இல்லை என்பதும், பேஜர் ஒலித்தவுடன் ஊருக்குள் இருக்கும் தச்சரும் பாடசாலை உதவியாளரும் பண்ணைக்காரரும் ஓடிவந்து வண்டியை எடுத்துச் செல்கிறார்கள் என்பதும், பால் வாங்க வரும் அவர்களோடு கதைத்துப் பழகிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. சென்ற மாதம் நிலையத்தின் கதவில் ஆட்கள் தேவை என்று ஒரு பெரிய பதாகை கட்டினார்கள். பகலில் ஊருக்குள்ளேயே இருப்பவர்கள் முக்கியமாகத் தேவை என்று அதில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து நானும் இப்படி அழைத்தவுடன் ஓடிவரும் 'ஒன்-கோல்' வீரராகச் சேரலாமா என்ற எண்ணம் மனதை விட்டு அகலவில்லை.

கடையில் தனியாக நிற்கும்போது அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பதுதான் என் முதல் கேள்வி. இந்த வயதில் உடற்தகுதித் தேர்வில் தேற முடியுமா, கிடைக்கும் கொடுப்பனவு உண்மையில் எவ்வளவு, குடும்பத்துக்கு இது எப்படி இருக்கும் என்பவற்றையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நோர்போக்வாசி

வணக்கம் தம்பி. நான் ஆறு ஆண்டுகளாக நோர்போக்கில் ஒன்-கோல் வீரராக இருக்கிறேன். பழையவர்கள் இன்னமும் 'ரிட்டெயின்ட்' என்றுதான் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். என் தொழிலும் கடைதான் என்பதால் உங்கள் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 18 நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. தேர்வில் தேறுகிறவரை 38 ஒரு பொருட்டே அல்ல. நீங்கள் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது நேரத்தை. பேஜர் ஒலித்தால் ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் நிலையத்தை அடையக்கூடிய தூரத்தில், மது அருந்தாமல், பொறுப்பில் சிறு பிள்ளைகள் இல்லாமல், கையில் விட்டுவிட முடியாத வேலை இல்லாமல் நீங்கள் இருக்கும் மணிநேரங்களைத்தான் அவர்கள் உங்களிடம் கேட்கிறார்கள். முழு அளவில் சேருகிறவர்கள் வாரத்தில் 120 மணிநேரம்வரை இப்படிக் கட்டுண்டு இருப்பார்கள். இப்போது பல இடங்களில் அதைவிடக் குறைந்த மணிநேர ஒப்பந்தங்களும் தருகிறார்கள். தீயோடு போராடும் நேரம் இதில் மிகச் சிறிய பகுதி. வீட்டிலும் கடையிலும் வழக்கம்போல இருந்துகொண்டே ஐந்து நிமிட வட்டத்தை விட்டு வெளியே போகாமல் இருப்பதுதான் பெரிய பகுதி. சேருகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பதாகையில் பகல் நேரத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. இரவில் எங்கள் நிலையத்தில் ஏழெட்டுப் பேர் இருப்போம். காலை எட்டு மணிக்கு மேல் பாதிப் பேர் வேறு ஊர்களுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். வண்டி புறப்படுவதற்குப் பொறுப்பாளர், ஓட்டுநர், சுவாசக் கருவி அணியக்கூடிய இருவர் என்று குறைந்தது நான்கு பேர் வேண்டும். மூன்று பேர் மட்டும் இருந்தால் வண்டி நிலையத்துக்குள்ளேயே நிற்கும். பக்கத்து ஊர் வண்டிதான் வரவேண்டும். ஊர்நடுவில் கடை வைத்திருக்கும் உங்களைப் போன்ற ஒருவர் அந்த நான்காவது ஆளாக இருக்க முடியும். விண்ணப்பிக்கும்போது இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கடையில் தனியாக நிற்கும்போது என்ன செய்வது என்று கேட்டீர்கள். தனியாக நிற்கும் நேரத்தில் நான் என் பெயரைக் கொடுப்பதில்லை. முதல் ஆண்டில் கொடுத்துப் பார்த்தேன். வாடிக்கையாளர்களை வெளியே அனுப்பி, பணப்பெட்டியைப் பூட்டி, கதவில் அட்டையைத் தொங்கவிட்டு ஓடினேன். ஆனால் ஓவன் அடுப்புக்குள் இருந்த சோசேஜ் ரோல் தட்டை மறந்துவிட்டேன். இரண்டு மணிநேரம் கழித்துத் திரும்பியபோது கடை முழுவதும் புகை, கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வீரரின் கடைக்கே தீயணைப்பு வண்டி வர வேண்டியிருந்திருக்கும் என்று அந்த வாரப் பயிற்சி முழுவதும் என்னைக் கேலி செய்தார்கள். இப்போது காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை ஓர் உதவியாளர் இருக்கிறார். அந்த நேரத்துக்கு மட்டுமே நான் பகலில் பொறுப்பேற்கிறேன். உங்கள் கடைக்குள் தபால் நிலையக் கவுண்டர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

உடற்தகுதியில் பலரும் தடுக்கி விழுவது மூச்சுத் திறனில்தான். உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் (VO2 max) 42.3 என்ற அளவை எட்ட வேண்டும் என்று சொல்வார்கள். ஒவ்வொரு ஒலிக்குள்ளும் இரு கோடுகளுக்கிடையே ஓடி, நிலைக்கு நிலை வேகம் கூட்டும் 'பிளீப் டெஸ்ட்' ஓட்டத்தில் எட்டாம் நிலையைத் தாண்டி ஓடினால் அது கிடைக்கும். மூன்று மாதம் வாரத்துக்கு மூன்று முறை ஓடினால் போதும். நானே அப்படித்தான் தேறினேன். அதன்பின் 55 கிலோ எடையுள்ள பொம்மையை 30 மீட்டர் தூரம் பின்புறமாக இழுத்துச் செல்வது, 13.5 மீட்டர் ஏணியில் மூன்றில் இரண்டு பங்கு உயரம் ஏறி, காலை ஏணியில் பின்னிக்கொண்டு கைகளை விடுவது, கண்ணை மறைத்த முகக்கவசத்தோடு ஒடுங்கிய பாதைக்குள் தவழ்வது ஆகியவை இருக்கும். மூட்டை தூக்கிப் பழகியவருக்குப் பொம்மை பிரச்சினையல்ல. உயரமும் இருட்டும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு மட்டுமே தேவைப்படும் ஒரு குறிப்பு. சுவாசக் கருவியின் முகக்கவசம் தோலோடு ஒட்டிப் படிய வேண்டும் என்பதால் கடமையில் இருக்கும் நாள்களில் முகம் மழித்திருக்க வேண்டும். நான் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவன். அந்தக் காலத்தில் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன். முன்கூட்டியே விளக்கிச் சொன்னபோது நிலையப் பொறுப்பாளர் மறுப்பேதும் சொல்லவில்லை.

கொடுப்பனவு மூன்று வகையாக வரும். கட்டுண்டிருக்கும் மணிநேரங்களுக்கு ஏற்ப ஆண்டுத்தொகை ஒன்று. வாராந்தப் பயிற்சிக்கும் அழைப்புக்குச் சென்று வேலை செய்த நேரத்துக்கும் மணிக்கூலி. ஒவ்வொரு அழைப்புக்கும் சிறு தொகை. பயிற்சி முடித்துத் தகுதி பெற்ற வீரரின் மணிக்கூலி 2024 ஜூலையில் 17.20 பவுணாக இருந்தது. பயிற்சிக் காலத்தில் அதைவிடக் குறைவு. இது இரண்டாவது வருமானம் என்பதால் பெரும்பாலும் முதல் பவுணிலிருந்தே 20 வீத வரி பிடிப்பார்கள். உங்கள் கணக்காளரிடம் சொல்லிவையுங்கள். அமைதியான நிலையத்தில் இதை நம்பிக் கடன் தவணை கட்ட முடியாது.

பதில்: ஹாரோ ஈசன்

லண்டனில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீணாக அலையக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். லண்டன் தீயணைப்புப் படையில் ஒன்-கோல் முறை கிடையாது. அங்கே எல்லோரும் முழுநேர வீரர்கள். என் தம்பி இரண்டு வாரம் தேடிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தான். எசெக்ஸ், கென்ட், சரே போன்ற சுற்றுப்புற மாவட்டங்களில் உண்டு, ஆனால் அந்த ஊர்களிலேயே குடியிருக்கவோ வேலை செய்யவோ வேண்டும்.

பதில்: டெவன் தாதி

அண்ணா, குடும்பத்துக்கு எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்டதற்கு மனைவியின் இடத்திலிருந்து பதில் எழுதுகிறேன். என் கணவர் டெவனில் நான்கு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறார்.

கைபேசிச் செயலியில் அவர் எந்தெந்த நேரம் இருப்பார் என்று பதிவுசெய்ய வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் உண்மையான பதிவேடு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் தாள்தான், ஏனென்றால் என் இரவுப் பணி நாள்கள் அதில்தான் இருக்கின்றன. நான் வைத்தியசாலையில் இருக்கும் இரவுகளில் பிள்ளைகளைத் தனியே விட்டு அவர் ஓட முடியாது. அந்த இரவுகள் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துவிடும். சனிக்கிழமைகளில் மகளை நடன வகுப்புக்கு எக்ஸெற்றருக்கு அழைத்துச் செல்வதால் அந்தப் பகலும் இல்லை. லண்டனில் ஒரு கலியாணம் என்றால் போக வர ஒரு நாள் முழுவதும் போய்விடும். எங்கள் கொண்டாட்டங்கள் எல்லாம் வார இறுதியில்தான் வருகின்றன. நிலையத்தில் மற்றவர்களுக்கும் விடுப்பு வேண்டியிருப்பது அதே வார இறுதிகளில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். கலியாண வீட்டு அழைப்பிதழ் கையில் கிடைத்த அன்றே விடுப்புக் கேட்டுவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

ஒரு தைப்பொங்கல் காலையில் பால் பொங்கி வரும் நேரத்தில் பேஜர் அலறியது. வேட்டியோடு காரில் ஏறிப் போனார். நிலையத்தில் அதன்மேலேயே தீக்காப்புக் காற்சட்டையை மாட்டிக்கொண்டதாகப் பின்னர் சொன்னார். ஒரு முதியோர் இல்லத்தில் யாரோ பாண் துண்டைக் கருகவிட்டதால் வந்த அழைப்பு அது. இப்படிப்பட்டவை நிறைய வரும். இங்கிலாந்தில் தீயணைப்புப் படைகள் ஆண்டுக்குச் சுமார் 6 இலட்சம் அழைப்புகளுக்குச் செல்கின்றன. அவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு தீயே இல்லாத தீ எச்சரிக்கைகள்தான். மீதியிலும் வீதி விபத்து, வெள்ளம், பூட்டிய வீட்டுக்குள் விழுந்து கிடக்கும் முதியவர் போன்றவையே தீயைவிட அதிகம்.

இன்னொன்று. நிலையத்துக்கு ஓட்டிச் செல்லும் உங்கள் சொந்தக் காருக்கு எந்தச் சலுகையும் கிடையாது. சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும், 30 மைல் வீதியில் 30 மைல்தான். முதல் மாதங்களில் அவர் பதறிக்கொண்டு புறப்படுவதைப் பார்த்து எனக்குத்தான் நெஞ்சு படபடக்கும்.

பதில்: பழைய வீரன்

நான் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு விலகியவன். சேர வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மேலே யாரும் எழுதாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. சிறு ஊரில் இந்த வேலையைச் செய்தால், விபத்தில் சிக்கியவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கக்கூடும். நான் காரை வெட்டி வெளியே எடுத்த ஓர் இளைஞன் முந்தைய நாள் மாலை என்னிடம் மீன் வறுவல் வாங்கிச் சென்றவன். அவன் பிழைக்கவில்லை. அவனுடைய தாய் அதன் பின்னரும் என் கடைக்கு வந்துகொண்டிருந்தார். காசை வாங்கி மிச்சம் கொடுக்கும்போது நான் என்ன கதைப்பது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு கடும் சம்பவத்துக்குப் பிறகும் குழுவை உட்காரவைத்துப் பேசவிட வேண்டும். எங்கள் நிலையத்தில் அது ஒழுங்காக நடக்கவில்லை. சேருவதற்கு முன் உங்கள் நிலையத்தில் அது எப்படி நடக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள். தீயணைப்பு வீரர்களுக்கென்றே இயங்கும் 'ஃபயர் ஃபைட்டர்ஸ் சாரிட்டி' என்ற அறக்கட்டளை ஒன்-கோல் வீரர்களுக்கும் உதவுகிறது.

ஓய்வூதியத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு ரிட்டெயின்ட் வீரர்களுக்கு அது கிடையாது. பகுதிநேர ஊழியர்களை முழுநேர ஊழியர்களைவிடத் தாழ்வாக நடத்தக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளின் கீழ், ரிட்டெயின்ட் வீரர்கள் தொடுத்த மத்தியூஸ் வழக்கு எழுந்தது. அது அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை சென்றது; இரு சாராரும் ஒப்பிடத்தக்க வேலையைச் செய்கிறார்களா என்ற கேள்வியில் வீரர்களின் மேல்முறையீட்டை அது 2006-இல் ஏற்றுக்கொண்டது. இன்று நீங்கள் சேர்ந்தால் ஓய்வூதியத் திட்டம் உண்டு. அதை நீங்களாக வேண்டாம் என்று எழுதிக்கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: சந்தைத்தெருக் கடைக்காரர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பதில்களை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தாதித் தங்கையின் தாள் யோசனையை அவர் உடனே பிடித்துக்கொண்டார்; அவர் வேலைக்குப் போகும் மூன்று நாள்களின் மாலை நேரங்களைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை நிலையத்துக்குப் போய் இரண்டு மணிநேரப் பயிற்சியைப் பார்த்தேன். ஒரு பழைய காரின் கதவை வெட்டி எடுத்துக் காட்டினார்கள். கடும் சம்பவங்களுக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பழைய வீரன் சொன்னபடி பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, உள்ளே கூட்டிச்சென்று சமையலறை மேசையைக் காட்டினார். எல்லோரும் அங்கே உட்கார்ந்து தேநீர் முடியும்வரை யாரும் வீட்டுக்குப் போவதில்லையாம். அதன் பின் இரண்டு மூன்று நாள் கழித்து வெளியிலிருந்து ஒருவர் வந்து தனித்தனியாகப் பேசுவாராம். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

வாரநாள்களில் காலை ஒன்பது முதல் இரண்டரைவரை, மனைவி வீட்டில் இருக்கும் இரவுகள் என்று ஒரு கணக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். பகலுக்கு உதவியாளர் ஒருவரை எடுக்கப்போகிறேன். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை இந்த வருமானம் ஈடுசெய்யாது என்பது தெரிந்தே எடுக்கிறேன், எப்படியும் கடைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. நேற்று மகன் கைக்கடிகாரத்தோடு நிலைய வாசலில் நிற்க, நான் கல்லாப் பக்கத்திலிருந்து புறப்பட்டு நடந்து பார்த்தேன். மூன்று நிமிடம் பத்து நொடி. ஓவன் அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட்டால் மூன்று நிமிடம் இருபத்தைந்து நொடி.