சைலன்சர் மாற்றினால் மலையில் வண்டி கூடுதலாக இழுக்குமா? நமக்கு நடந்ததைப் பகிர்வோம்

கோத்தகிரி, டீசல் பிக்கப்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது 2.5 லிட்டர் டீசல் பிக்கப். நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ், பிஎஸ் 4 புகை விதி காலத்து வண்டி. 320 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), அதுவும் 1800 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) வந்துவிடும். தோட்டத்துக்கு உரம் ஏற்றுவது, பச்சைத் தேயிலையை ஃபேக்டரியில் இறக்குவது, வாரம் இரண்டு முறை மேட்டுப்பாளையம் போய்வருவது எல்லாம் இதில்தான். வண்டி என்றால் எனக்கு உயிர். இவ்வளவு பெரிய வண்டிக்குச் சத்தமும் கொஞ்சம் கம்பீரமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ரொம்ப நாள் ஆசை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சமவெளியில் ஒரு பட்டறையில் பின்பக்க சைலன்சரையும் நடுவில் இருந்த ரெசொனேட்டரையும் (முழக்கத்தை அடக்கும் டப்பா) கழற்றிவிட்டு, நேர் குழாய் போட்டுக்கொண்டேன். "பிக்கப் எகிறும் சார், ஏத்தத்துல நீங்களே பாப்பீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று மலை ஏறியது இன்னும் நினைவிருக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பாறையில் பட்டுத் திரும்பி வந்த சத்தம் உடம்பெல்லாம் ஏறியது. வண்டி பறக்கிறது என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து தம்பியிடம் "இருபது குதிரைத்திறனாவது கூடியிருக்கும்டா" என்றேன்.

ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அரவேனுவுக்கு முன்னால் ஒரு நீளமான ஏற்றம் வரும். பதினைந்து மூட்டை பொட்டாஷ், மூட்டை 50 கிலோ, அந்த லோடோடு வரும்போது மூன்றாவது கியரில் ஆர்பிஎம் 1500-க்குக் கீழே இறங்கி வண்டி திணறத் தொடங்கும். அந்த இடத்தில் சாலையோரம் சாய்ந்த ஒரு மின்கம்பம் நிற்கிறது. கம்பத்தைப் பார்த்ததும் கை தானாக இரண்டாவது கியருக்குப் போய்விடும். பைப் மாற்றிய அடுத்த வாரம் அதே லோடு ஏற்றிக்கொண்டு வந்தேன். கம்பத்தைத் தாண்டிவிடும் என்று நம்பி மூன்றிலேயே பிடித்துப் பார்த்தேன். தாண்டவில்லை. அதே கம்பம், அதே திணறல். அடுத்தடுத்து நான்கு தடவை பார்த்தும் அப்படித்தான்.

பிறகு எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் உட்கார வைத்து விளக்கினார். டீசல் எஞ்சினில் எவ்வளவு எரிபொருள் பீச்சப்படுகிறது என்பதுதான் சக்தி. அதை ஈசியூ, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ எவ்வளவு பூஸ்ட் (அழுத்தம்) ஏற்ற வேண்டும் என்பதும் அதன் கணக்குதான். பின்னால் குழாயைத் திறந்துவிட்டதால் அந்தக் கணக்கு மாறாது. டர்போ கொஞ்சம் முன்னதாகச் சுழலத் தொடங்கலாம், புகையின் சூடு கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். அதோடு, டர்போவே பாதி சைலன்சர் மாதிரி. வெடிப்பின் கூர்மையை அது வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் டீசல் பிக்கப்பில் நேர் குழாய் போட்டாலும் உறுமல் வருவதில்லை, வெறும் இரைச்சல்தான் வரும்.

அந்த இரைச்சலை நான் எட்டு மாதம் சுமந்தேன். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 2000 ஆர்பிஎம்மில் அது வினாடிக்கு 67 தடவை. அடிவயிற்றில் உணர்கிற அதிர்வு அது. மலைச்சாலையில் நாம் ஓட்டுவதே 1800-க்கும் 2200-க்கும் நடுவில்தான், அதனால் ஏறும் வழி முழுக்க கேபினுக்குள் "ம்ம்ம்" என்று ஒரே முழக்கம். அதை விழுங்கத்தான் கம்பெனியில் ரெசொனேட்டர் வைத்திருக்கிறார்கள். நான் அதைக் கழற்றி ஷெட்டில் போட்டிருந்தேன். அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கோவை கூட்டிப் போனபோது, "நெஞ்சுக்குள்ள யாரோ இடிக்கிற மாதிரி இருக்குடா, மெதுவா போ" என்றார். நான் நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

என்னை மாற்றியது வேறொன்று. விடியற்காலையில் தோட்டத்துப் பாதையில் காட்டெருமைகள் நிற்பது எங்களுக்குப் பழக்கம். வண்டி மெதுவாக வந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒதுங்கும். ஒருநாள் வளைவில் திரும்பியதும் ஐந்தாறு உருப்படி நின்றன. ஏற்றம் என்பதால் நான் மிதித்துக்கொண்டே வந்திருந்தேன். சத்தத்தில் அவை மிரண்டு செடிகளுக்குள் பாய்ந்தன. ஒரு கன்று மட்டும் பாதைச் சரிவில் கால் வழுக்கி முட்டி போட்டு விழுந்து, எழுந்து, தாயைத் தேடி ஓடியது. எஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப வெட்கமாக இருந்தது. அந்த வாரமே பழைய சைலன்சரையும் ரெசொனேட்டரையும் திரும்ப மாட்டிவிட்டேன்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி, சத்தம், புகை அளவுகளை மீறினால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கூடலூர், மெக்கானிக்

கோத்தகிரி அண்ணா சொன்ன மின்கம்பக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரம்) இல்லாத ஊரில் அதுதான் டைனோ.

நான் ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். ஃபோர்டு ராப்டர் மாதிரி பெரிய பிக்கப் வண்டிகள்தான் அதிகம் வரும். முதல் தலைமுறை ராப்டரில் 6.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்), 411 குதிரைத்திறன். 2017 மாடலில் அதை எடுத்துவிட்டு 3.5 லிட்டர் வி6, இரட்டை டர்போ வைத்தார்கள். சக்தி 450 ஆகக் கூடியது. ஆனால் பழைய வி8 சத்தத்துக்குப் பழகிய ஆட்கள் புது வண்டியோடு நேராகப் பட்டறைக்கு வந்து, "எனக்கு அந்தச் சத்தம் வேண்டும்" என்பார்கள். பைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தோம். வரவே வராது.

காரணம் குழாயில் இல்லை, கிராங்க்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இருக்கிறது. அந்த வி8-ல் மொத்தமாகப் பார்த்தால் வெடிப்புகள் சீரான இடைவெளியில்தான் நடக்கும். ஆனால் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டரை மட்டும் தனியாகக் கேட்டால் இடைவெளி ஒன்று குறுகும், ஒன்று நீளும். தவில்காரர் ஒரு அடியை நெருக்கி அடுத்ததைத் தள்ளிப் போடுவது போல. அந்தச் சீரில்லாத நடைதான் நாம் கேட்கிற "குடுகுடு" உறுமல். வி6-ல் இரண்டு பக்கமும் மும்மூன்று அடி, எல்லாம் ஒரே இடைவெளி. நடுவில் இரண்டு டர்போ வேறு. எந்தக் குழாய் போட்டாலும் அதே சீரான ஓசை பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

சக்திக்கு வருவோம். டர்போவுக்குப் பின்னால், கேட்டலிஸ்டுக்கும் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பின்னால் இருக்கிற பகுதியை மட்டும் மாற்றிய ஒரு ராப்டரை டைனோவில் ஏற்றினோம். எட்டுக் குதிரைத்திறன் கூடியிருந்தது. 450-ல் எட்டு. அதே வண்டியை எஞ்சின் சூடேறிய பிறகு இன்னொரு தடவை ஓட்டினால் அந்த எட்டும் காணாமல் போகும். டியூனும் (ஈசியூ கணக்கை மாற்றுவது) சேர்த்துச் செய்தால் கதை வேறு, ஆனால் அப்போது சக்தி வருவது டியூனிலிருந்து.

2021 ராப்டரில் கம்பெனியே செய்திருப்பதைப் பாருங்கள். இரண்டு பக்கக் குழாயும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்றை வளைத்துச் சுற்றி விட்டிருக்கிறார்கள். உள்ளே வால்வு வைத்து அமைதி, சாதாரணம், ஸ்போர்ட், பாஹா என நான்கு நிலை. காலையில் தெருவில் அமைதியாகக் கிளம்பலாம், பாலைவனத்தில் திறந்துவிடலாம். சத்தம் வேண்டும் என்றாலும் அதற்கு இவ்வளவு வேலை இருக்கிறது. அப்புறம், வி8 கேட்டவர்களுக்கு 2023-ல் ராப்டர் ஆர் வந்தது: 5.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு, 700 குதிரைத்திறன். சத்தம் வேண்டுமென்றால் எஞ்சினைத்தான் மாற்ற வேண்டும் என்று கடைசியில் அவர்களே காட்டிவிட்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு இங்கே கவனித்ததையும் சொல்கிறேன். ஊட்டி 2240 மீட்டர் உயரம். கடற்கரையைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் ஜீப் அந்த அளவுக்கு மூச்சு இழந்துவிடும். அதற்குப் போய்த் தடிமனான குழாய் போட்டுக் கொடுக்கச் சொல்லி வருகிறார்கள். தடித்த குழாயில் புகையின் வேகம் குறையும். கீழ் ஆர்பிஎம்மில் அடுத்த புகையை இழுத்துப் போகும் விசை போய்விடும். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பி எழும்ப வேண்டிய இடம் அதுதான். டர்போ வண்டிக்கோ, மேலே போகப் போக வெளியே அழுத்தமே குறைவு என்பதால் புகை போவது ஏற்கெனவே சுலபம். மலையில் குறைவது உள்ளே வருகிற காற்று. ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கசிவு இருக்கிறதா பாருங்கள். என் கைக்கு வந்த "இழுக்கவில்லை" வண்டிகளில் பாதி அதிலேயே சரியானது.

ஊட்டி – மேட்டுப்பாளையம், லாரி டிரைவர்

தம்பிகளா, எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இறக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஓட்டுவது கேரட், பீட்ரூட் லோடு. முன்பு வேறொரு முதலாளியிடம் இருந்தபோது அவர் ஆறு சக்கர வண்டிக்குக் குழாய் மாற்றினார். செலவு குறையும் என்று, டர்போவுக்குப் பக்கத்திலிருந்தே வெட்டிப் புதிதாக வெல்டிங் வைத்துவிட்டார்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கின் வால்வு இருக்கிறதே, குழாயை அடைக்கிற அந்தத் தகடு, அதைக் கழற்றி மறுபடி சரியாகப் பொருத்தவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரவு பதினொன்றரைக்குக் குன்னூர் தாண்டினேன். மரப்பாலம் வரைக்கும் தெரியவில்லை. அதற்குக் கீழே சுவிட்சை அழுத்துகிறேன், வண்டி பிடிக்கவே இல்லை. டீசல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டால் மட்டும் பெரிதாகப் பிடிக்காது. புகை போகும் வழியை அடைத்தால்தான் பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளி வண்டியைக் கட்டும். அடைக்கிற இடத்துக்கு முன்னால் கசிந்தால் அந்த அழுத்தமே நிற்காது. மிதி பிரேக்கிலேயே இரண்டு வளைவு இறங்கினேன். அதற்குள் லைனிங் கருகும் வாசனை வந்துவிட்டது. கியரை இரண்டுக்கு இறக்கி, பர்லியார் வந்ததும் ஓரம் கட்டி நிறுத்தினேன். கை நடுங்கியது. சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் டிரம் ஆறுகிறவரை உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்ற பையன் தண்ணீர் ஊற்றட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். கொதிக்கிற டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும்.

லாரியோ பெரிய டெம்போவோ வைத்திருப்பவர்கள் குழாயில் கை வைத்தால், கிளம்புவதற்கு முன் எஞ்சின் ஓடும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கை ஒருதரம் அழுத்திப் பாருங்கள். "புஸ்" என்று காற்று போய்த் தகடு மூடுகிற சத்தம் வர வேண்டும். ஜாயின்ட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கசிகிற இடத்தில் கரி கோடு போட்டிருக்கும்.

பண்ணைக்காடு, பிஎஸ் 6 பிக்கப்

நான் பழனி மலைப் பக்கம். காபியும் வெண்ணெய்ப்பழமும் ஏற்றுவதற்கு ஒரு பிஎஸ் 6 பிக்கப் வைத்திருக்கிறேன். எனக்கு வந்த பிரச்சினை வேறு மாதிரி.

தோட்டத்திலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து தோட்டத்துக்கு என்று ஐந்து கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர் ஓட்டம்தான். ஒருநாள் டேஷ்போர்டில் டிபிஎஃப் (புகை ஃபில்டர்) விளக்கு எரிந்தது, இழுவையும் குறைந்தது. ஒரு பட்டறையில் "அக்கா, அந்த ஃபில்டரைக் காலி பண்ணிட்டு நேர் பைப் போட்டுடலாம், வண்டி பறக்கும்" என்றார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டியில் அது கரித்துகளைப் பிடிக்கிற பாகம். எடுத்தால் சட்டப்படியும் தப்பு, பின்னால் நடந்து வருகிற பிள்ளைகள் அந்தப் புகையைத்தான் குடிப்பார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

சர்வீஸ் செய்கிற தம்பி ஒருவர் சொன்னபடி, வத்தலக்குண்டு இறங்கி, திண்டுக்கல் சாலையில் 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் அரைமணி நேரம் சீராக ஓட்டினேன். பிடித்த கரி எரிந்துபோக ஃபில்டருக்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டுமாம். மலையில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் அந்தச் சூடு வருவதில்லை. விளக்கு அணைந்துவிட்டது. இழுவையும் திரும்பியது. இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை சந்தை வேலையை வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறேன்.

கோத்தகிரி, டீசல் பிக்கப்

கூடலூர் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று பானட்டைத் திறந்து டர்போ ரப்பர் குழாயைத் துடைத்துப் பார்த்தேன். கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய் ஈரம், விரல் நகம் அளவு வெடிப்பு. புதுக் குழாய் மாட்டியாயிற்று. நாளைக் காலை பொட்டாஷ் லோடு இருக்கிறது. மின்கம்பத்தில் என்ன ஆகிறது என்று வந்து எழுதுகிறேன்.