படியூர்க் கல்லின் ஆறு பட்டைகள்: தீட்டியவையா, விளைந்தவையா?

பாறைப்பித்தன்: நண்பர் நொய்யல்கரையான் தாம் செதுக்கிய அக்வாமரின் (பெரில் என்னும் மணிக்கல்லின் கடல்நிற வகை) பதக்கத்தின் படத்தை நேற்று இங்கே இட்டு, அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறார்: “படியூர்ச் சுரங்கத்துப் பெரில் கல்லுக்கு ஆறு பட்டை தீட்டி ரோமாபுரிக்கு அனுப்பிய என் முன்னோருக்கு இது காணிக்கை. உலகில் முதன்முதலாகக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர்கள் கொங்கர்களே.” வாழ்த்துகள் வந்து குவிந்திருக்கின்றன, ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் எழவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பெரில் பாறைக்குள் விளையும்போதே ஆறு பக்கமுள்ள தூணாகத்தான் விளைகிறது. காங்கேயத்திலிருந்து திருப்பூர் செல்லும் சாலையில் உள்ள படியூரானாலும், பிரேசிலானாலும், ரஷ்யாவானாலும் அதன் படிக அமைப்பு அதுதான். இயற்கை கொடுத்த ஆறு முகங்களுக்கு நம் முன்னோரின் பெயரில் பட்டயம் எழுதிக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நொய்யல்கரையான்: பாறைப்பித்தன் ஐயா, தாங்கள் கல்லூரியில் மண்ணியல் கற்பித்தவர் என்பதை அறிவேன், அந்த மரியாதையோடுதான் பதில் எழுதுகிறேன். கி.பி. 77-ஆம் ஆண்டளவில் எழுதிய ரோமானியரான பிளினி, பெரில் இந்தியாவைத் தவிர வேறிடங்களில் அரிதாகவே கிடைக்கிறது என்றும், கைவினைஞர்கள் தம் திறத்தால் எல்லாப் பெரிலையும் அறுகோணமாகத் தீட்டுகிறார்கள் என்றும், பட்டைகளின் முனைகளில் ஒளி பட்டுத் திரும்பினால்தான் மங்கிய நிறம் உயிர்பெறும் என்றும் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். கைவினைஞர்களின் திறம் என்று சொன்னவர் தமிழரல்லர், கொங்கரல்லர், ரோமானியர். அவர் சொன்னதைவிட இரண்டாயிரம் ஆண்டு கழித்து நாற்காலியில் அமர்ந்து தாங்கள் சொல்வதையா நாங்கள் நம்ப வேண்டும்?

பாறைப்பித்தன்: பிளினியைப் பாதியில் மூடிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள், தம்பி. அதே பகுதியில் சில வரிகள் தள்ளி, இந்தக் கற்கள் பிறக்கும்போதே முனைகளோடு பிறக்கின்றன என்று சிலர் கருதுவதாகவும் அவரே எழுதியிருக்கிறார். அந்தச் சிலர்தான் சரியாகச் சொன்னவர்கள். பிளினி இந்தியாவுக்கு வந்தவரல்லர். வணிகர் சொன்னதைக் கேட்டு எழுதியவர், 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது இறந்தவர். சுரங்கத்தை ஒருநாளும் பார்க்காத ஒருவருக்கு, விளைந்த முகம் எது, தீட்டிய முகம் எது என்று எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு பெரில் படிகத்தைக் கையில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பக்கங்களில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும். பளிங்கும் (குவார்ட்ஸ்) ஆறு பக்கம் கொண்டதுதான். ஆனால் அதில் வரிகள் குறுக்கே ஓடும். கோணமானியை வைத்து அளந்தால் பெரிலின் அடுத்தடுத்த முகங்களுக்கு இடையே 120 பாகை இருக்கும். இதைச் செய்யக் கொங்கரும் வேண்டாம், ரோமரும் வேண்டாம்.

சாணைக்காரர்: நான் இருபுறத்துக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை, கல் தீட்டிப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அரக்குக் குச்சியில் கல்லை ஒட்டிச் சாணையில் வைத்தவனுக்குத் தெரியும், மண்ணிலிருந்து எடுத்த பெரிலை அப்படியே யாரும் கோத்து அணிந்துவிட முடியாது. முகங்களில் அரிப்புக் குழிகள் இருக்கும், முனைகள் மழுங்கியிருக்கும், தலைப்பகுதி உடைந்திருக்கும். குருந்தம் என்னும் மிகக் கடினமான கல்லின் பொடியை அரக்கோடு கலந்து வார்த்த சாணையில் ஒவ்வொரு முகத்தையும் வைத்து எடுத்த பிறகுதான் உள்ளே இருக்கும் கடல்நிறம் வெளியே தெரியும். விளைந்த முகத்தின் மேலேயே தீட்டினாலும் அது தீட்டியதுதான். ஐயா ஒரு மணியையாவது சாணையில் வைத்துப் பார்த்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பாறைப்பித்தன்: மெருகேற்றுவது வேறு, ஆறு பட்டை போடுவது வேறு. நான் கேட்டது ஆறு என்ற எண்ணிக்கையைப் பற்றி. அந்த ஆறு முகமும் எங்கிருந்து வந்தன?

வீராம்பட்டினத்தான்: இந்தத் திரியில் கொங்குநாட்டைத் தவிர வேறு ஊரே இல்லை என்பது போல எல்லோரும் பேசுவது வழக்கமாகிவிட்டது. கல்லில் செதுக்குவது என்று பேச்சு வந்தால் முதலில் பேசவேண்டியது புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டைப் பற்றி. அங்கே ஓரம் திருத்தாத ஒரு பளிங்கில் க்யூபிட் என்னும் ரோமானியக் காதற்கடவுளும் ஒரு பறவையும் குழிவாகச் செதுக்கப்பட்டுக் கிடைத்தன. ஆகஸ்டஸ் சீசரின் தலை என்று பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரெய் கருதிய, சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் செய்த செதுக்கலும் அங்கே கிடைத்ததுதான். கல்லில் உருவம் வடிப்பதற்கு முன்னால் ஆறு பட்டை, ஏழு பட்டை என்ற வாதமெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. சென்ற ஆண்டும் இதே குழுவில் இதைச் சொன்னேன். ஒருவரும் மறுமொழி தரவில்லை.

நொய்யல்கரையான்: வீராம்பட்டினத்தாரே, திருத்தாத அந்தப் பளிங்கைக் காட்டி, மேலைநாட்டுக் கைவினைஞரே அங்கு வந்து உட்கார்ந்து செதுக்கியிருக்கலாம் என்று கருதியவர் 1945-இல் அங்கே அகழ்ந்த வீலர். வந்தவர் கைவேலையை உங்கள் ஊர்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள உங்களுக்கு மனம் வருகிறது, எங்களுக்கு வராது. நொய்யல் கரையிலுள்ள எங்கள் கொடுமணலில் அப்படிச் சொல்ல வாய்ப்பே இல்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கே அகழ்ந்தபோது கச்சாக் கல், உடைத்த சில்லு, துளையிடாத மணி, துளையிட்ட மணி, மெருகிட்ட மணி என்று வேலையின் எல்லா நிலைகளும் ஒரே ஊரில் கிடைத்தன. பெரில் படியூரிலிருந்து, நீலக்கல் சிவன்மலையிலிருந்து, பளிங்கு வெங்கமேட்டிலிருந்தும் அரசம்பாளையத்திலிருந்தும். பதிற்றுப்பத்து இந்த ஊரைக் கொடுமணம் என்று 67-ஆம் பாட்டிலும் 74-ஆம் பாட்டிலும் பெயர் சொல்லிப் பாடுகிறது. வேலைப்பாட்டில் சிறந்த அருங்கலம் என்று புலவர் பாடியது பட்டை தீட்டாத கல்லையா?

வீராம்பட்டினத்தான்: செதுக்கியவர் எங்கிருந்து வந்திருந்தாலும் செதுக்கிய இடம் எங்கள் ஊர். உங்கள் ஊரில் ஒரு முகமாவது, ஒரு பறவையாவது செதுக்கிய கல் உண்டா என்பதற்கு விடை சொல்லாமல் வீலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

கபினிக்கரை: இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி பெரில் கிடைக்கும் இடமாகக் குறிப்பிடுவது புன்னாட்டை. புன்னாடு இன்றைய மைசூர்ப் பக்கம் கபினி ஆற்றங்கரையில் இருந்த நாடு. ஆகவே ரோமுக்குப் போனவை அனைத்தும் படியூர்க் கல் என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் நிதானித்திருக்கலாம்.

நொய்யல்கரையான்: இதோ வந்துவிட்டார்கள். காவிரிக்குச் சண்டை போட்டது போதாதென்று இப்போது படியூருக்கும் பங்கு கேட்கிறார்கள்.

பாறைப்பித்தன்: புன்னாடு எங்கே இருந்தது என்பதும், அரிக்கமேட்டில் யார் அமர்ந்து செதுக்கினார் என்பதும் இருக்கட்டும். என் கேள்வி ஒன்றுதான். அதற்கு மட்டும் இதுவரை விடை வரவில்லை. பதிற்றுப்பத்தில் அருங்கலம் உண்டு, ஆறு பட்டை இல்லை. நான் கொடுமணலைச் சிறுமைப்படுத்துவதாக ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். உண்மையில் கொடுமணலின் பெருமையை நீங்கள்தான் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். மோஸ் கடின அளவுகோலில் பெரிலின் கடினம் ஏழரை முதல் எட்டு வரை. பளிங்கு ஏழு. ஆகவே பளிங்குத் துகளான மணலைப் போட்டுத் தேய்த்து அதில் துளையிட முடியாது. சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் இருப்பதை இந்திய மண்ணியல் துறையின் ஹாலண்டு 1901-இல் விரிவாக எழுதியிருக்கிறார். அதன் கடினம் ஒன்பது. கல் படியூரில், அதைத் தேய்க்கும் பொடி சிவன்மலையில், இரண்டையும் சேர்த்து வேலை செய்யும் ஊர் நொய்யலின் வடகரையில். இத்தகைய வாய்ப்பு அரிக்கமேட்டுக்கும் இல்லை, ரோமுக்கும் இல்லை. வில்லால் சுழலும் துளைகருவியை ஒரு முனையிலிருந்து பாதி வரை செலுத்தி, கல்லைத் திருப்பி மறுமுனையிலிருந்தும் செலுத்தி, இரண்டு துளைகளும் நடுவில் ஒன்றையொன்று சந்திக்கும்படி செய்வதுதான் அந்தக் கைவினைஞனின் வித்தை. நீங்கள் கொண்டாடும் அதே பிளினி, இந்தியர்கள் பெரிலைத் துளையிட்டு யானையின் மயிரில் கோத்து அணிகிறார்கள் என்றும், நடுவிலுள்ள வெண்மை துளையோடு வெளியேறுவதால் கல் மேலும் அழகாகிறது என்றும் எழுதியதைப் பற்றி உங்களில் ஒருவரும் வாய்திறக்கவில்லை. துளையைப் போற்றுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் கைதட்டுகிறேன். ஆறு பட்டை மட்டும் கைவேலை அன்று.

நொய்யல்கரையான்: சரி, ஐயா. அப்படியானால் சூதுபவளத்துக்கு வருவோம். சூதுபவளம் படிகமாக விளைவதில்லை, உருண்டைக் கட்டியாகத்தான் கிடைக்கிறது. இதைத் தாங்களே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். தென்னிந்தியாவில் அந்தக் காலத்துச் சூதுபவள மணிகளில் அறுகோண மணிகளும் உண்டு. அவற்றுக்கு அந்த ஆறு பட்டை எங்கிருந்து வந்தது? அவையும் மண்ணுக்குள் விளைந்தவையா? உருண்டைக் கல்லில் ஆறு பட்டை போடத் தெரிந்த கைக்குப் பெரிலில் போடத் தெரியாதா?

பாறைப்பித்தன்: நான் பேசுவது பெரிலைப் பற்றி.

நொய்யல்கரையான்: நான் கேட்பது ஆறு பட்டையைப் பற்றி. சற்று முன்னால் தாங்களும் அதைத்தான் கேட்டீர்கள்.

பாறைப்பித்தன்: உங்கள் பதக்கத்தின் கீழே எழுதியிருப்பது ‘படியூர்ப் பெரில்’. சூதுபவளம் என்று ஓர் எழுத்தும் இல்லை. கொடுமணலில் கிடைத்த சூதுபவளத்தின் கச்சாக் கல் குஜராத்திலிருந்து வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குஜராத்துக் கல்லைக் காட்டிப் படியூர்க் கல்லுக்குச் சாட்சி சொல்லவைப்பது எந்த ஊர் நியாயம்?

சாணைக்காரர்: குஜராத்துக் கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. நொய்யல்கரையான் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதக்கத்துக்குக் கல் எங்கே வாங்கினீர்கள்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவ்வளவு தெளிவும் அவ்வளவு நீளமும் உள்ள கல், ஜெய்ப்பூர்ச் சந்தையில் பிரேசில் கல் என்று தட்டில் கொட்டி வைத்திருப்பதைப் போலவே எனக்குத் தோன்றுகிறது. படியூர் முன்னோருக்குப் பிரேசில் கல்லில் காணிக்கை செலுத்தியிருந்தால் அதையும் கீழே ஒரு வரியாக எழுதியிருக்கலாமே.

வீராம்பட்டினத்தான்: அடடா. மேலைநாட்டுக் கைவினைஞர் எங்கள் ஊரில் வந்து செதுக்கினால் குற்றம். மேலைநாட்டுக் கல் இவர் பட்டறைக்கு வந்தால் மரபு.

நொய்யல்கரையான்: கல் எங்கே வாங்கினேன் என்பது இந்த விவாதத்துக்குத் தொடர்பில்லாதது. சுரங்கத்தின் நினைவுதான் என் வேலைக்குத் தூண்டுதல். சுரங்கத்தின் கல் என்று எழுதவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் பதக்கத்தின் அடிப்பகுதியையும் பார்த்திருக்க வேண்டும். அங்கே மெருகிடாமல் விட்ட பகுதி பாறையையும், அதிலிருந்து எழும் தூண், கிணறு போன்ற சுரங்கக் குழியையும் குறிக்கின்றன. 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூரில் தோண்டி ஒரே ஆண்டில் 2,196 கற்களை எடுத்தார். அவற்றின் மதிப்பு அன்றைய கணக்கில் 1,201 பவுன். அள்ளிக்கொண்டு போனவர் பெயர் ஏட்டில் இருக்கிறது, குழிக்குள் இறங்கித் தோண்டிக் கொடுத்தவர்களின் பெயர் இல்லை. அந்தப் பெயரில்லாதவர்களுக்காகத்தான் நான் அதைச் செதுக்கினேன். சாணைக்காரர் தம் பட்டறையில் எந்த நாட்டுக் கல்லைத் தீட்டுகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சாணைக்காரர்: கேளுங்கள், சொல்கிறேன். நான் தீட்டுவது பெரும்பாலும் ஆலையில் செய்த செயற்கைக் கல். அதை நான் மூவேந்தர் காலத்துக் கல் என்று எழுதி விற்பதில்லை.

மட்டுறுத்துநர்: கல் கடைகளையும் ஒருவருக்கொருவர் தொழிலையும் பற்றிய தாக்குதல்களை நிறுத்துமாறு இரு தரப்பையும் கேட்டுக்கொள்கிறேன். தலைப்பு படியூர்ப் பெரிலின் பட்டை பற்றியது. கபினிக்கரையை நோக்கிக் காவிரியை இழுத்த பதிவுக்கு ஓர் எச்சரிக்கை தரப்படுகிறது.

பாறைப்பித்தன்: மட்டுறுத்துநருக்கு நன்றி. தலைப்புக்கே வருகிறேன். ஹீத் எடுத்த 2,196 கற்களும் ஆறு முகத்தோடு விளைந்தவைதாம். அவற்றுக்கும் கொங்கர் எவரும் முகம் போட்டுக் கொடுக்கவில்லை. இனிமேல் வாதத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, அளந்து பார்ப்போம். அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பெரில் மணியைப் பொறுப்பாளரின் அனுமதியோடு உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்கட்டும். விளைந்த முகமானால் நீளவாக்கில் வரியோ அரிப்புக் குழியோ எங்காவது ஓர் ஓரத்தில் எஞ்சியிருக்கும். புதிதாக வெட்டிப் போட்ட பட்டையானால் சாணையின் கீறல்கள் ஒரே திசையில் கிடக்கும், கோணமும் 120-லிருந்து பிசகியிருக்கும். கையால் தீட்டுகிறவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் ஆறு முகத்திலும் பிசகாமல் தீட்ட முடியாது.

நொய்யல்கரையான்: கோணம் பிசகாமல் இருந்தால் இயற்கை என்பீர்கள், பிசகியிருந்தால் கைவினைஞருக்கு வேலை தெரியவில்லை என்பீர்கள். பிசகாமல் தீட்டத் தெரிந்தவர் அந்தக் காலத்தில் இருந்திருக்கவே முடியாது என்று தாங்களே முன்கூட்டித் தீர்ப்பெழுதிவிட்டு அளக்கக் கூப்பிடுகிறீர்கள். அந்த அளவைக்கு நான் வரமாட்டேன். என் பதக்கத்தின் கீழே உள்ள வரியும் மாறாது.

பாறைப்பித்தன்: வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வரிகள் நீளவாக்கில் ஓடும் என்று மறுபடியும் சொல்லிவைக்கிறேன். இந்தத் திரியைப் பிற்பாடு படிக்கிறவர்களாவது பார்த்துக்கொள்ளட்டும்.

சாணைக்காரர்: மெருகிட்ட பிறகு வரி எங்கே இருக்கும் ஐயா? மெருகு என்பதே அந்த வரியை எடுப்பதுதானே.

பாறைப்பித்தன்: ஓர் ஓரத்தில் எஞ்சியிருக்கும் என்று எழுதியிருக்கிறேன். முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

வீராம்பட்டினத்தான்: க்யூபிட்டும் பறவையும் பற்றி இன்னும் ஒருவரும் எனக்கு மறுமொழி தரவில்லை.