புதுப்பிப்பு: காயில் அடுப்பின் முன் வலது பர்னர் சரியாகிவிட்டது

முன்பு கேட்டிருந்தேன்: கனடாவில் எங்கள் வீட்டு மின் அடுப்பில் (காயில் என்கிற சுருள் கம்பி சூடாகும் வகை) முன் வலது பர்னர் சில நேரம் சூடாகும், பானையை அசைத்தால் அணைந்துவிடும். காயிலை மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னவர்களுக்கு மிக்க நன்றி, அதுதான் வழி காட்டியது.

அந்தக் காயிலைப் பின்பக்கத்து 8 அங்குல இடத்தில் சொருகினேன், நன்றாகச் சூடானது. மல்டிமீட்டரில் (மின் அளவுகளைப் பார்க்கும் கருவி) அதன் மின்தடை 27 ஓம் காட்டியது. 240 வோல்ட்டில் 2100 வாட் காயிலுக்கு அது சரியான அளவு. ஆக, கோளாறு காயிலுக்குள் இல்லை, அதைச் சொருகும் சாக்கெட்டில். அடுப்புக்கு மின்சாரம் தரும் பிரேக்கரை அணைத்துவிட்டுக் கழற்றினால், உள்ளே தகடு கருகித் தளர்ந்திருந்தது. தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும், அங்கேயே சூடேறும், சூடேற ஏற இன்னும் தளரும்.

சாக்கெட்டோடு காயிலையும் மாற்றிவிட்டேன். வேலை செய்கிற காயிலை ஏன் மாற்றணும் என்று தோன்றலாம். அதன் முனைகளும் கருகியிருந்தன. அதையே திரும்பச் சொருகினால் புது சாக்கெட்டும் சீக்கிரம் கருகும். வயரைக் கருகாத செம்பு தெரியும்வரை வெட்டி, சூடு தாங்கும் பீங்கான் இணைப்பான்களால் சேர்த்தேன். வயர்களைச் சேர்க்கப் போடும் சாதாரண பிளாஸ்டிக் மூடி அந்தச் சூட்டில் உருகிவிடும், தயவுசெய்து போடாதீர்கள்.

அப்புறம், காயிலுக்கு அடியில் உள்ள தட்டில் அலுமினியத் தாள் விரிப்பதையும் நிறுத்திவிட்டோம். அது சூட்டை அடியிலேயே தேக்கும், காயில் முனையில் பட்டால் ஷார்ட் ஆகும்.